சைகைக் காணொளியைத் தமிழ் எழுத்தாக்குவது: வன்னியில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சி அறிவியல்நகரிலோ வவுனியா பம்பைமடுவிலோ கணினி படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும்போது, ‘சைகை மொழியை எழுத்தாக்கும் செயலி’ எப்படியும் ஒருமுறை பேச்சில் வரும். தலைப்பு நல்ல தலைப்புத்தான். செய்து முடிக்கும் விதம்தான் பல வேளைகளில் சரியில்லை. காது கேட்கும் நண்பர்கள் மூவர் விடுதி அறையில் கூடி, யூடியூபில் பார்த்த சைகைகளைத் தாங்களே செய்து படம்பிடித்து, துல்லியம் தொண்ணூறு வீதத்துக்கு மேல் என்று வரைபடம் போட்டு, அறிக்கையைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதே செயலியைப் புதுக்குடியிருப்புச் சந்தையில் நிற்கும் காது கேளாத ஒருவர் முன் நீட்டினால், அவர் செய்யும் சைகைகளில் ஒன்றையாவது அது சரியாகச் சொல்லுமா என்பது சந்தேகம்.

அப்படி ஆகாமல் ஒரு சிறிய, உண்மையில் பயன்படும் கருவியைச் செய்வது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். பைத்தனில் ஓரளவு பழக்கம், ஒரு மடிக்கணினி, ஒரு கைத்தொலைபேசி: சாமான் என்று வேண்டியது இவ்வளவுதான். மீதியெல்லாம் ஆட்கள். ஆகவே இந்தக் கட்டுரையில் நிரலைவிட ஆட்களைப் பற்றிய பேச்சே கூட இருக்கும்.

1. வேலையைச் சுருக்குங்கள்

ஒரே பெயரில் மூன்று வேலைகள் உலவுகின்றன. முதலாவது, தனிச் சைகையை அடையாளம் காண்பது. இரண்டு வினாடிக் காணொளி ஒன்றைக் கொடுத்தால் ‘காய்ச்சல்’ என்று சொல்லும். இரண்டாவது, நிறுத்தாமல் செய்யப்படும் சைகைகளை எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று பிரித்து வரிசையாகச் சொல்வது. மூன்றாவதுதான் மொழிபெயர்ப்பு: சைகை மொழி வாக்கியம் ஒன்றை அதன் இலக்கணத்தோடு வாங்கித் தமிழின் இலக்கணத்தில் தருவது. கையால் காட்டப்படும் தமிழ்தான் சைகை மொழி என்று எண்ணிக்கொண்டு தொடங்குகிறவர் இரண்டாவது மாதத்திலேயே தடுக்கி விழுவார். சைகைகளுக்கு உள்ளமைப்பு உண்டு. கை வடிவம், உடலில் அது நிற்கும் இடம், அசைவு என்ற கூறுகளால் அவை கட்டப்பட்டிருக்கின்றன என்பதை அமெரிக்கச் சைகை மொழியை வைத்து 1960இலேயே வில்லியம் ஸ்டோக்கி காட்டிவிட்டார்.

மூன்றாவது வேலை எவ்வளவு கடினம் என்று அறிய ஜெர்மனியைப் பாருங்கள். பீனிக்ஸ் தொலைக்காட்சியின் வானிலை அறிக்கைகளுக்குச் செய்யப்பட்ட சைகை மொழிபெயர்ப்பைத் திரட்டி, 8,257 வாக்கியங்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை 2018இல் வெளியிட்டார்கள். சைகை செய்தவர்கள் 9 பேர். பேசுபொருள் மழை, காற்று, வெயில் மட்டுமே. 2020இல் அதே தொகுப்பின்மேல் டிரான்ஸ்ஃபோமர் வகை மாதிரி (தரவில் இருந்து கற்கும் நிரல்) ஒன்று பெற்ற புளூ மதிப்பெண் (மனிதர் செய்த மொழிபெயர்ப்போடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு) 100க்கு 21.80, அன்றைக்கு அது பெரிய முன்னேற்றம். ஆயிரக்கணக்கான வாக்கியங்களை வைத்திருந்தவர்களின் நிலையே அது. தமிழ் வாக்கியங்களோடு இணைத்த சைகைத் தொகுப்பு உங்கள் கையில் ஒன்றும் இல்லை. ஆகவே முதலாவது வேலையில் தொடங்குங்கள்.

ஒரு இடத்தையும் தேர்ந்துகொள்ளுங்கள். என் விருப்பம் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு. அங்கே நோயாளி சொல்ல வேண்டியவைக்கு ஓர் எல்லை உண்டு: எங்கே வலி, எப்போதிருந்து, காய்ச்சலா, வாந்தியா, என்ன மருந்து எடுக்கிறார், கர்ப்பிணியா, பாம்பு கடித்ததா. 40 சைகைகளுக்குள் இதை அடக்கலாம். பிரதேச செயலகத்தின் கருமபீடமும் இதற்கு ஏற்ற இடம்தான். ஆனால் படிவங்களின் பெயர்களுக்குச் சைகை தேடியே களைத்துப்போவீர்கள். எந்த இடமானாலும் 40 எவை என்பதைக் காது கேளாதோர் சிலரோடு இருந்து முடிவுசெய்யுங்கள். நீங்கள் தனியே போட்ட பட்டியலில் ‘வணக்கம்’, ‘நன்றி’ எல்லாம் இருக்கும். ‘சிறுநீர் எரிகிறது’ இருக்காது.

2. யாருடைய கைகள்?

வன்னியில் ஒரே சைகைதான் வழங்குகிறது என்று நினைக்க வேண்டாம். கைதடி நஃபீல்ட் பாடசாலையில் படித்தவரின் சைகையும் வேறு பாடசாலையில் படித்தவரின் சைகையும் எல்லாச் சொல்லிலும் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. இடம்பெயர்ந்து திரிந்த ஆண்டுகளில் பாடசாலை வயதைக் கடந்துவிட்டவர் வீட்டாரோடு சேர்ந்து உருவாக்கிய சைகைகளையே வைத்திருக்கலாம். இவற்றில் எது ‘சரி’ என்று தீர்ப்புச் சொல்லும் வேலை உங்களுடையது அல்ல. ‘தலைவலி’க்கு இரண்டு வடிவம் இருந்தால் தலைவலி-அ, தலைவலி-ஆ என்று இரண்டு பெயரில் பதிந்து, கடைசியில் இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லுக்குக் கொண்டுவந்து சேருங்கள்.

இன்னொரு பிரிவினரை ஆரம்பத்திலேயே பிரித்தறிய வேண்டும். வளர்ந்த பிறகு ஷெல் வெடித்ததில் செவிப்புலனை இழந்தவர் தமிழை நன்றாகப் பேசுவார், வாசிப்பார். சைகை மொழி தெரியாமலே இருக்கலாம். அவருக்கு உங்கள் கருவியால் ஒரு பயனும் இல்லை. எதிரில் இருப்பவர் பேசுவதை எழுத்தாக்கிக் காட்டுவதே அவருக்கு வேண்டியது. அந்த வசதி கைத்தொலைபேசியிலேயே ஏற்கெனவே உண்டு. அதைப் போட்டுக்கொடுத்துவிட்டு மேலே போங்கள்.

காது கேளாத பத்துப் பேரையாவது சேருங்கள். ஆணும் பெண்ணும், இளையவரும் முதியவரும், இயன்றால் இடதுகைக்காரர் ஒருவரும் இருக்கட்டும். தனிச் சைகைகளை அடையாளம் காண்பதற்காகக் கூகுள் 2023இல் நடத்திய போட்டிக்கு 250 சைகைகளை 21 காது கேளாதோரைக் கொண்டு பதிவுசெய்திருந்தார்கள். இந்தியச் சைகை மொழிக்கான ‘இன்க்ளூட்’ தொகுப்பில் 263 சொற்களுக்கு 4,287 காணொளிகள் இருக்கின்றன. நீங்கள் 40 சைகையை 10 பேரிடம் பத்துப் பத்து முறை வாங்கினால் 4,000 துண்டுகள் ஆகும். ஏறத்தாழ அதே அளவை மிகச் சிறிய பட்டியலுக்குள் அடக்குகிறீர்கள்; இது மோசமான தொடக்கம் அல்ல.

வருகிறவருக்கு நாட்கூலியும் பஸ் கட்டணமும் சாப்பாடும் கொடுங்கள். மல்லாவியில் இருந்து கிளிநொச்சிக்கு வந்துபோனால் ஒரு நாள் உழைப்புப் போய்விடும். ‘உங்களுக்காகத்தானே செய்கிறோம்’ என்ற பேச்சு அதற்கு ஈடாகாது. சம்மதத்தைத் தமிழ்ப் படிவத்தில் மட்டும் வாங்க வேண்டாம். என்ன எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கச் சொல்லலாம் என்பதைச் சைகையில் விளக்கி, அவர் சம்மதிப்பதையும் சைகையிலேயே பதிவுசெய்யுங்கள். முகம் தெரியும் காணொளி இது. இந்த மண்ணில் தன் முகம் யாருடைய கணினியில் கிடக்கிறது என்று ஒருவர் கேட்டால் அதற்குக் காரணம் இருக்கும். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவையும் பிள்ளைகளின் தரவையும் விசேட வகையாகவே கொள்கிறது. பாடசாலைப் பிள்ளைகளைப் படம்பிடிப்பதென்றால் பெற்றோரின் சம்மதமும் பல்கலைக்கழக ஆய்வு நெறிக்குழுவின் அனுமதியும் கையில் இருக்கட்டும்.

3. படம்பிடித்தல்

முழுச் செயற்றிட்டத்திலும் அதிக கவனம் வேண்டிய இடம் இதுதான். மோசமாக எடுத்த காணொளியை எந்த மாதிரியும் திருத்தித் தராது.

மத்தியான வெயிலில் முற்றத்தில் எடுக்காதீர்கள். புருவத்தின் நிழல் கண்ணில் விழும், கை வெளுத்துப்போகும். காலை நேரத்து விறாந்தை நல்லது. ஆளை வாசலுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் கரிய உருவம்தான் மிஞ்சும், ஆகவே வெளிச்சம் அவருடைய முகத்தில் விழும்படி நிறுத்துங்கள். அறைக்குள் ஒளி குறைந்தால் கைத்தொலைபேசி தானாகவே ஒவ்வொரு படத்துக்கும் கூடிய நேரம் எடுத்துக்கொள்ளும். வேகமாக அசையும் கை அப்போது புகை போலப் பதியும். விரல்கள் தெரியாத படத்தில் இருந்து விரல்களைக் கண்டுபிடிக்க எந்த நிரலும் இல்லை. வினாடிக்கு 30 படச்சட்டம் (ஃபிரேம்) போதும்; ஒளி நன்றாக இருந்தால் 60 இன்னும் நல்லது.

கைத்தொலைபேசியைத் தாங்கியில் பூட்டி நெஞ்சு உயரத்தில் வையுங்கள். இடுப்பில் இருந்து தலைக்கு மேல் ஒரு சாண் வரையும், இரு பக்கமும் முழங்கையை நீட்டும் அளவுக்கும் இடம் வேண்டும். செல்ஃபிக் கமராவைத் தவிருங்கள்: சில தொலைபேசிகள் அதில் எடுத்ததை இடம் வலம் மாற்றிச் சேமிக்கும், சில அப்படிச் செய்யாது. இரண்டும் கலந்துவிட்டால் யார் இடதுகைக்காரர் என்றே பிறகு தெரியாது. இடதுகைக்காரரை வலது கையால் செய்யச் சொல்லவும் வேண்டாம்.

சொல்லை அட்டையில் எழுதிக் காட்டிச் சைகை கேட்பது வழக்கமான தவறு. அட்டையைப் பார்த்தவர் தமிழ்ச் சொல்லுக்குச் சொல்லாகக் கைகாட்டத் தொடங்கிவிடுவார்; வாசிக்கத் தெரியாதவர் கூசிப்போவார். படம் ஒன்றைக் காட்டுங்கள். அதைவிட நல்லது, குழுவில் உள்ள காது கேளாத ஒருவரே நிலைமையைச் சைகையில் விளக்கி மற்றவரிடம் இருந்து வாங்குவது. ஒரே சைகையைப் பத்து முறை தொடர்ந்து செய்யச் சொன்னால் ஐந்தாவது முறையில் இருந்து கை சோம்பிவிடும். 40ஐயும் கலைத்து வரிசைப்படுத்தி ஒருமுறை முடித்துவிட்டு, இளைப்பாறிய பிறகு வேறு வரிசையில் மறுபடி தொடங்குங்கள். ஒவ்வொன்றும் கைகள் கீழே தொங்கும் நிலையில் தொடங்கி அங்கேயே முடியட்டும்.

இன்னும் ஒன்று, புதியவர்கள் அநேகமாக மறந்துவிடுவது: சைகை அல்லாத அசைவுகளையும் பதிவுசெய்யுங்கள். தலையைச் சொறிவது, நுளம்பை அடிப்பது, சேலைத் தலைப்பை இழுத்துவிடுவது, பிள்ளையைத் தூக்குவது, சும்மா நிற்பது. இவற்றுக்கு ‘எதுவுமில்லை’ என்று ஒரு வகுப்பு வையுங்கள். அது இல்லாத மாதிரி நுளம்பு அடித்தவருக்கும் ஒரு நோயைக் கண்டுபிடித்துச் சொல்லும்.

கோப்புப் பெயரில் ஆளின் குறியீட்டு எண், சைகையின் பெயர், எத்தனையாவது தடவை என்ற மூன்றும் இருக்கட்டும். ஆளின் உண்மைப் பெயர் வேண்டாம். பின்னர் தொடர் சைகைகளுக்குப் போகும்போது, காணொளியின் நேரக்கோட்டில் குறிப்பெழுத ‘ஈலான்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நெதர்லாந்தின் மக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்தில் உருவானது.

4. காணொளியைப் புள்ளிகளாக்குதல்

1280க்கு 720 அளவுள்ள ஒரே ஒரு வண்ணப் படச்சட்டத்தில் 27 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் இருக்கின்றன. சட்டையின் நிறம், சுவரில் தொங்கும் நாட்காட்டி எல்லாம் அதில் அடக்கம். 4,000 காணொளியை வைத்துக்கொண்டு இதை நேரடியாகக் கற்பித்தால் மாதிரி நாட்காட்டியைத்தான் கற்கும். கூகுளின் ‘மீடியாபைப்’ நூலகம் ஒவ்வொரு படச்சட்டத்திலும் உடலில் 33, ஒவ்வொரு கையிலும் 21, முகத்தில் 468 என்று 543 புள்ளிகளின் இடத்தைத் தரும். உடலையும் கைகளையும் மட்டும் எடுத்தால் 75 புள்ளி. புள்ளிக்கு மூன்று எண் வீதம் 225. வினாடிக்கு 30 படச்சட்டம் என்றால் இரண்டு வினாடிச் சைகை முழுவதும் 13,500 எண்ணுக்குள் வந்துவிடும். சாதாரண மடிக்கணினிக்கு இது சுமை அல்ல.

முகத்தை முழுதாக வீசிவிடாதீர்கள். உலகின் பல சைகை மொழிகளில் புருவமும் தலையசைப்பும் இலக்கணத்தின் பகுதி: கேள்வி என்பதைப் புருவம் சொல்லும், மறுப்பைத் தலை சொல்லும். கையை மட்டும் பார்க்கும் கருவிக்குக் ‘காய்ச்சல்’, ‘காய்ச்சல் இல்லை’ இரண்டும் ஒன்றாகிவிடலாம். வைத்தியசாலையில் அந்தப் பிழை சிறியது அல்ல. விரலசைவை உணரும் சைகைக் கையுறை என்று அவ்வப்போது செய்திகளில் பாராட்டப்படும் கண்டுபிடிப்புகளைக் காது கேளாதோர் பலர் விரும்பாததற்கு ஒரு காரணம் இதுவே. கையுறைக்கு முகம் தெரியாது. உதடு, புருவம், மூக்கு நுனி ஆகியவற்றில் சில பத்துப் புள்ளிகளை வைத்துக்கொண்டால் போதும்.

பிறகு இரண்டு திருத்தம். தோள்களின் நடுவைத் தொடக்கப் புள்ளியாகவும் தோள் அகலத்தை ஓர் அலகாகவும் கொண்டு எல்லாவற்றையும் மாற்றி எழுதுங்கள். அப்போதுதான் கமராவுக்கு அருகில் நின்றவரும் தள்ளி நின்றவரும் ஒரே அளவுக்கு வருவார்கள். அடுத்தது, கை சில படச்சட்டங்களில் பிடிபடாமல் போயிருக்கும். ஓரிரு சட்டம் விடுபட்டால் முன்னும் பின்னும் உள்ளதை வைத்து நிரப்பலாம். நீண்ட இடைவெளி என்றால் பூச்சியம் இட்டு, ‘இங்கே கை கிடைக்கவில்லை’ என்று தனியே குறித்துவிடுங்கள். ஒற்றைக் கமராவில் இருந்து வரும் ஆழ எண் நம்பகம் குறைந்தது. அதை விட்டுவிட்டும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னர், புள்ளிகளைக் காணொளியின் மேலேயே வரைந்து கண்ணால் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

5. பயிற்சி

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்வேன், இணையத்தில் இதற்குத்தான் பாடங்கள் மலிந்து கிடக்கின்றன. முதலில் கற்றல் இல்லாத ஓர் எளிய முறையை வைத்து அளவுகோல் ஒன்றை உண்டாக்குங்கள்: புதிய சைகையை இருப்பிலுள்ள ஒவ்வொன்றோடும், வேக வேறுபாட்டை இழுத்துச் சுருக்கிச் சரிசெய்து ஒப்பிட்டு, மிக நெருங்கியதன் பெயரைச் சொல்வது. 1970களில் பேச்சை அடையாளம் காண்பதற்காக வளர்ந்த உத்தி இது. குறைந்த தரவில் இன்றும் வெட்கப்பட வேண்டியதில்லாத முடிவைத் தரும். அதன்பிறகு நேரத்தின் வழியே ஓடும் சிறிய சுருள்வலை (அருகருகே உள்ள படச்சட்டங்களைச் சேர்த்துப் பார்க்கும் நரம்பணு வலை), அதன்மேல் ஒரு சிறிய டிரான்ஸ்ஃபோமர் அடுக்கு. இணையவழியே கணினியைத் தரும் கூகுள் கோலப்பின் இலவசப் பங்கு இதற்குப் போதும். தரவைப் பெருக்க, வேகத்தைச் சற்றுக் கூட்டிக் குறையுங்கள். உடலைச் சில பாகை சாயுங்கள். இடம் வலம் மாற்றுங்கள். முதலில் இந்திய ‘இன்க்ளூட்’ தொகுப்பில் பயிற்றிவிட்டு உங்கள் 40க்கு மாற்றிப் பயிற்றுவதும் முயன்று பார்க்கத்தக்கது.

6. சோதனை: ஆள்வாரியாகப் பிரியுங்கள்

4,000 துண்டையும் கலைத்து, எண்பது வீதம் பயிற்சிக்கு, இருபது வீதம் சோதனைக்கு என்று பிரிப்பவர், பயிற்சி வினாத்தாளையே பரீட்சையிலும் கொடுத்துவிட்டுப் பிள்ளை கெட்டிக்காரன் என்று மகிழும் ஆசிரியரைப் போன்றவர். ஒரே ஆளின் பத்துத் தடவைகளில் எட்டு பயிற்சியிலும் இரண்டு சோதனையிலும் விழுந்தால், மாதிரி அவருடைய தோளையும் பழக்கத்தையும் நினைவில் வைத்தே விடை சொல்லிவிடும். முன்னே சொன்ன விடுதி அறைத் துல்லியம் இப்படித்தான் பிறக்கிறது.

ஒருவரை முழுமையாக வெளியே வைத்து, மற்ற ஒன்பது பேரில் பயிற்றி, வெளியே வைத்தவரில் சோதியுங்கள். இப்படிப் பத்துப் பேரையும் முறைவைத்துச் செய்யுங்கள். எண் சட்டென்று விழும்; விழட்டும். குருட்டுத்தனமாக ஊகித்தால் 40இல் ஒன்று, அதாவது 2.5 வீதம் சரிவரும். அதில் இருந்து எவ்வளவு மேலே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். சராசரியை மட்டும் எழுதாமல் மிகக் குறைந்தது யாருக்கு என்றும் எழுதுங்கள். அநேகமாக அது முதியவராகவோ இடதுகைக்காரராகவோ வீட்டுச் சைகை கலந்தவராகவோ இருப்பார். அடுத்த சுற்றில் யாரைச் சேர்க்க வேண்டும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

எதை எதுவாக மாற்றிச் சொல்கிறது என்ற அட்டவணையையும் போடுங்கள். கை வடிவம் ஒன்றாகவும் இடம் மட்டும் வேறாகவும் உள்ள சோடிகள் அங்கே வந்து நிற்கும். அந்த அட்டவணையை உங்கள் குழுவின் காது கேளாத உறுப்பினரிடம் காட்டுங்கள். ஏன் குழம்புகிறது என்பதை உங்களைவிட விரைவாகச் சொல்லிவிடுவார்.

7. சைகைப் பெயரில் இருந்து தமிழ் வாக்கியம்

கருவி ‘வயிறு’, ‘வலி’, ‘நேற்று’ என்று மூன்று பெயர்களைப் பிடித்துவிட்டது என்று வைப்போம். ‘நேற்றிலிருந்து வயிற்று வலி’ என்று எழுத ஒரு வார்ப்பு (வெற்றிடங்களோடு முன்கூட்டியே எழுதிவைத்த வாக்கியம்) போதும். 40 சைகைக்கு இப்படிச் சில பத்து வார்ப்புகளைக் கையாலேயே எழுதிவிடலாம். பெரிய மொழி மாதிரி ஒன்றிடம் கொடுத்து அழகான வாக்கியமாக்கச் சொல்லும் ஆசை வரும். வைத்தியசாலையில் அந்த ஆசையை அடக்குங்கள். நோயாளி சொல்லாத ‘கடுமையான’ என்ற ஓர் அடைமொழியை அது தானாகச் சேர்த்துவிட்டால் வைத்தியர் வேறு பாதையில் யோசிக்கத் தொடங்குவார்.

பின்னாளில் உண்மையான மொழிபெயர்ப்புக்குப் போகும்போது, மதிப்பெண்ணை முழுச்சொல் ஒப்பீட்டில் மட்டும் அளக்காதீர்கள். ‘வலிக்கிறது’ என்பதும் ‘வலிக்கின்றது’ என்பதும் அங்கே இரண்டு வேறு சொற்கள். எழுத்துத் தொடர்களை ஒப்பிடும் அளவையையும் சேர்த்துத் தருவது தமிழுக்கு நியாயமானது.

8. கருமபீடத்தில் வைத்தல்

ஏ-9 வீதியை விட்டு உள்ளே போனால் பல இடங்களில் சமிக்ஞை நிலையாக இருப்பதில்லை. ஆகவே எல்லாம் தொலைபேசிக்குள்ளேயே, இணையமின்றி ஓட வேண்டும். புள்ளிகளை வைத்துப் பயிற்றிய சிறிய மாதிரியை தொலைபேசிகளுக்கான டென்சர்ஃப்ளோ லைட் (இப்போதைய பெயர் லைட்ஆர்டி) வடிவுக்கு மாற்றினால் சாதாரண ஆன்ட்ராய்டு தொலைபேசியிலும் ஓடும். காணொளியைச் சேமிக்காமல் புள்ளிகளைக் கணித்தவுடன் அழித்துவிடுங்கள். நோயாளிக்கும் அதைச் சொல்லுங்கள்.

திரையில் ஒரே விடையை அடித்துச் சொல்லாமல், மிக நெருங்கிய மூன்றைப் படங்களோடு காட்டி, நோயாளியே தொட்டு உறுதிசெய்ய விடுங்கள். நம்பிக்கை அளவு குறைந்தால் ‘விளங்கவில்லை, இன்னொருமுறை’ என்று காட்டட்டும். தவறாகச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல். சத்திரசிகிச்சைக்கான சம்மதம் வாங்குவதற்கோ பொலிஸ் வாக்குமூலத்துக்கோ இந்தக் கருவியைப் பயன்படுத்தக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அங்கே சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

கடைசியாக, பதில் எப்படிப் போகும்? தாதி கேட்கும் கேள்வியைத் தமிழில் தட்டச்சுச் செய்து காட்டினால் எல்லாக் காது கேளாதோருக்கும் விளங்கும் என்று எண்ண வேண்டாம். அடிக்கடி கேட்கப்படும் இருபது முப்பது கேள்விகளையும் அறிவுறுத்தல்களையும், ‘சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை’, ‘நாளை இரத்தப் பரிசோதனைக்கு வாருங்கள்’ போன்றவற்றை, உங்கள் குழுவின் காது கேளாதோரே சைகையில் செய்த காணொளிகளாகப் பதிந்து, தாதி பொத்தானைத் தொட்டால் ஓடும்படி வையுங்கள். இதற்கு இயந்திரக் கற்றலே தேவையில்லை. 40 சைகைகளையும் பிடிக்கும் மாதிரி தயாராகும்வரை காத்திராமல், அனுமதி கிடைத்த முதல் வாரத்திலேயே இந்தப் பாதியைச் செய்து கருமபீடத்தில் வைத்துவிடலாம்.